பாட்டு டைம்லைனில் ஏற மறுக்கிறதா? ஆடியோ ஃபைல் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ, குறும்படம், பாட்காஸ்ட், யூடியூப் என்று எடிட்டிங்கில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆடாசிட்டி, ப்ரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் என எந்த எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்தாலும் சிக்கலின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, வேறு வகைக்கு மாற்றும் கன்வெர்ட்டரில் போட்டுவிடுகிறோம். அதனால்தான் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடுகிறது.

பெயரில் எம்பி3 என்றுதான் இருக்கிறது. விஎல்சி பிளேயரில் நன்றாகப் பாடுகிறது. எடிட்டரில் போட்டால் மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது?

பெயரின் கடைசியில் வரும் எம்பி3, எம்4ஏ, வேவ் எல்லாம் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு. சீட்டில் சர்க்கரை என்று எழுதியிருந்தாலும் உள்ளே உப்பு இருக்கலாம். இணையத்திலிருந்து பாட்டை இறக்கித் தரும் தளங்களில் சில, உள்ளே ஏஏசி, ஓபஸ் போன்ற வேறு ஒலி வகை இருக்க, பெயரை மட்டும் எம்பி3 என்று வைத்துக் கொடுத்துவிடுகின்றன.

விஎல்சி அந்தப் பெயரை நம்பாது. உள்ளே பார்த்து, சுருக்கிய ஒலியை விரித்துத் தரும் டிகோடர்கள் தன்னிடம் இருப்பவற்றில் பொருந்துவதை எடுத்துப் பாட வைத்துவிடும். எடிட்டிங் மென்பொருளுக்கு வேலை வேறு. டைம்லைனில் (படத்தையும் ஒலியையும் அடுக்கி வெட்டும் பட்டையில்) எந்த இடத்தில் கை வைத்தாலும் அந்த நொடியின் ஒலியைத் துல்லியமாக எடுத்துத் தர வேண்டும். அதனால் தனக்குத் தெரிந்த சில வகைகளோடு நின்றுவிடும். விஎல்சியில் பாடினால் ஃபைல் பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை என்று நிம்மதி அடையலாம். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஆடியோ ஃபைலில் இரண்டு அடுக்கு உண்டு. வெளியே இருப்பது கண்டெய்னர், உள்ளே ஒலியைச் சுருக்கி வைத்திருக்கும் முறை கோடெக். எம்4ஏ ஒரு கண்டெய்னர். அதற்குள் ஏஏசி இருக்கலாம், ஆப்பிளின் ஏஎல்ஏசியும் இருக்கலாம். ஒரு எம்4ஏ திறந்து இன்னொரு எம்4ஏ திறக்காமல் போவது இதனால்தான்.

அப்படியானால் பெயரின் கடைசியை நாமே மாற்றிவிட்டால்?

உள்ளே இருக்கும் ஒரு பைட் கூட மாறாது. பெயரை மாற்றுவது கன்வெர்ட் செய்வதாகாது.

உள்ளே இருப்பதை எப்படிப் பார்ப்பது?

விஎல்சியில் பாட்டை ஓடவிட்டு கண்ட்ரோல்+ஜே அழுத்துங்கள். கோடெக் விவரம் வந்துவிடும். இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எடிட்டிங் செய்யும் ஒவ்வொருவர் கணினியிலும் அது இருக்க வேண்டும் என்பேன். அதில் ஐந்து வரிகளைப் பாருங்கள்: ஃபார்மேட் (ஒலியின் வகை), பிட்ரேட் மோட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பது நிலையானதா, மாறுவதா), சேனல்கள், சாம்ப்ளிங் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்பட்டது), பிட் டெப்த் (ஒவ்வொரு அளவும் எவ்வளவு நுணுக்கமானது).

உதாரணமாக ஒரு பாட்டில் ஃபார்மேட் எம்பெக் ஆடியோ, பிட்ரேட் மோட் வேரியபிள், சேனல் 2, சாம்ப்ளிங் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால், அது உண்மையிலேயே எம்பி3. ஆனால் பிட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3. வீடியோ 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது இது 44.1இல் இருக்கிறது. பின்னால் சிங்க் (படமும் ஒலியும் பொருந்துவது) நழுவினால் எங்கே தேட வேண்டும் என்று இந்த இரண்டு தகவலிலேயே தெரிந்துவிடும்.

எந்த ஃபார்மேட்டுக்கு மாற்றிக்கொள்வது நல்லது?

வீடியோ வேலை என்றால் 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் வேவ் (பெரும்பாலும் ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வகை). பாட்டை ஆடியோவாக மட்டுமே வெளியிடப்போகிறீர்கள், மூலமும் 44.1இல் இருக்கிறது என்றால் 44.1ஐ அப்படியே வையுங்கள். 16-பிட்டும் போதும்தான். ஆனால் இன்றைய பாட்டுகள் உச்ச அளவு வரை சத்தமாக மாஸ்டர் செய்யப்பட்டவை. எம்பி3யை விரிக்கும்போது சில உச்சங்கள் எல்லையைத் தாண்டும். மாற்றும் முன் சத்தத்தை ஒரு டெசிபெல் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது 32-பிட் ஃபுளோட் வேவ் ஆக எடுங்கள். ஃபுளோட்டில் எல்லை தாண்டிய உச்சம் வெட்டுப்படாமல் இருக்கும், பிறகு குறைத்துக்கொள்ளலாம்.

இடம் அதிகம் பிடிக்குமே என்பார்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி. 48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 17 எம்பி. ஐந்து நிமிடப் பாட்டுக்கு 86 எம்பி. வீடியோ ஃபைல்கள் பிடிக்கும் இடத்தோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

மாற்றுவதற்கு ஆடாசிட்டியே போதும். கட்டளை வரியில் பழக்கம் உள்ளவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது, ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். ஆன்லைன் கன்வெர்ட்டர் தளங்களை நான் பரிந்துரைப்பதில்லை. சாம்ப்ளிங் ரேட், பிட் டெப்த் எதையும் கேட்காமல் தம் இஷ்டத்துக்கு மாற்றும் தளங்கள் நிறைய. வாடிக்கையாளரின் குரல் முன்பின் தெரியாத ஒரு சர்வருக்குப் போகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை.

எம்பி3யை வேவ் ஆக்கினால் தரம் கூடுமா?

கூடாது. எம்பி3 ஆகும்போது தூக்கி எறியப்பட்டது போனது போனதுதான். குறைந்த பிட்ரேட் எம்பி3யில் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியே பெரும்பாலும் இருக்காது. வேவ் ஆக்கினாலும் அந்த இடம் காலியாகவேதான் இருக்கும். வேவ் ஆக்குவதன் பயன் வேறு: இதற்கு மேல் கெடாது. எம்பி3யை ஏஏசி ஆக்கி, அதை வெட்டி மறுபடி எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தேயும். சிம்பல், ஜால்ரா, சலங்கை ஒலிகளில் அந்தத் தேய்மானம் முதலில் தெரியும், கலங்கிய நீர் ஒலி மாதிரி கேட்கும்.

எனவே மூல ஃபைலை ஒருபோதும் அழிக்க வேண்டாம். ஒரே ஒரு முறை மூலத்திலிருந்து வேவ் எடுத்து, எடிட்டிங் எல்லாவற்றையும் அதிலேயே முடித்து, கடைசி எக்ஸ்போர்ட்டில் மட்டும் சுருக்குங்கள்.

வாட்ஸப்பில் வந்த வாய்ஸ் நோட் எடிட்டரில் திறக்கவில்லை.

வாய்ஸ் நோட் ஓபஸ் கோடெக்கில், 'ஆக்' என்ற கண்டெய்னரில் வருகிறது. ஓபஸ் 2012இல் தரப்படுத்தப்பட்ட, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கோடெக். குறைந்த பிட்ரேட்டில் பேச்சைத் தெளிவாகக் கொடுப்பதில் மிகச் சிறந்தது. ஆனாலும் பல வீடியோ எடிட்டர்கள் அதை எடுப்பதில்லை. எஃப்எஃப்எம்பெக் லைப்ரரி சேர்த்த (எப்படி என்பது அடுத்த கேள்வியில்) ஆடாசிட்டியில் திறந்து வேவ் ஆக எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது.

இனிமேல் பதிவு செய்து அனுப்பப்போகிறவர்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். மைக் பட்டனை அழுத்திப் பேச வேண்டாம். ஃபோனின் ரெக்கார்டர் ஆப்பில் பதிந்து, அதை 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும்.

ஆடாசிட்டியில் எம்4ஏ போட்டால் எரர் வருகிறது.

விண்டோஸில் எஃப்எஃப்எம்பெக் லைப்ரரியைத் தனியாக நிறுவ வேண்டும். எம்4ஏ, டபிள்யூஎம்ஏ, ஏஎம்ஆர் எல்லாம் அதன் வழியாகத்தான் திறக்கும். நிறுவியபின் பிரெஃபரன்ஸஸில் லைப்ரரீஸ் பகுதிக்குப் போய் அது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 64-பிட் ஆடாசிட்டிக்கு 64-பிட் லைப்ரரிதான் வேண்டும், இதில் தவறுபவர்கள் அதிகம்.

எம்பி3க்கு லேம் என்ற லைப்ரரியைத் தேடி நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிடுங்கள். எம்பி3 காப்புரிமைகள் 2017இல் முடிந்தன. ஆடாசிட்டி 2.3.2 பதிப்பிலிருந்து லேம் கூடவே வருகிறது.

பழைய ஃபோனில் தாத்தா பேசியது ஏஎம்ஆர் ஃபைலாக இருக்கிறது. அதைத் தெளிவாக்க முடியுமா?

ஏஎம்ஆர் பழைய செல்ஃபோன்களின் பேச்சு ஃபார்மேட். நொடிக்கு 8000 சாம்பிள்தான் எடுக்கும். அதனால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவுமே இல்லை. ச, ஷ, ஸ ஒலிகள் மங்கலாக இருப்பது அதனால்தான். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஆக மாற்றி, அடியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள முனகலை வெட்டி, 2 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே உயர்த்திப் பாருங்கள். சொற்கள் கொஞ்சம் முன்னே வரும். நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போடாதீர்கள், இரைச்சலோடு சேர்ந்து குரலின் தன்மையும் போய்விடும். அந்த ஏஎம்ஆர் ஃபைலை இரண்டு இடங்களிலாவது நகல் எடுத்து வைத்துவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள். மென்பொருளை மறுபடி நிறுவலாம், அந்தக் குரலை மறுபடி பதிய முடியாது.

இம்போர்ட் ஆனது. ஆனால் பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறிவிட்டது.

44.1 கிலோஹெர்ட்ஸில் இருப்பதை 48 என்று நினைத்து மென்பொருள் ஓட்டுகிறது. வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும். பாடகர் ஒரு கட்டையில் பாடியிருந்தால் இரண்டு கட்டையை நெருங்கிக் கேட்கும். தலைகீழாக, 48ஐ 44.1 என்று ஓட்டினால் குரல் தடித்து, பாட்டு இழுபடும்.

நல்ல மென்பொருள் இதைத் தானாகவே சரிசெய்து ஓட்டும். ஃபைலின் தலைப்பகுதியில் தவறான ரேட் எழுதியிருந்தாலோ, நாமே கை வைத்து மாற்றியிருந்தாலோதான் இப்படி ஆகும். ஆடாசிட்டியில் இந்தக் கை வைப்பு அடிக்கடி நடக்கிறது. டிராக்கின் பெயருக்குப் பக்கத்து மெனுவில் 'ரேட்' என்று ஒன்று இருக்கும். அதை 44100இலிருந்து 48000 ஆக்கினால் பாட்டு மாறாது, ஓட்டும் வேகம்தான் மாறும். உண்மையாக மாற்ற வேண்டுமானால் மேலே டிராக்ஸ் மெனுவில் இருக்கும் 'ரீசாம்பிள்' தான் வழி. நீளமும் சுருதியும் அப்படியே இருக்க, ரேட் மட்டும் மாறும்.

ஏற்கெனவே தவறாக ஓடும் ஃபைல் என்றால் இதே 'ரேட்' மெனுதான் மருந்து. சரியான ரேட்டை அதில் கொடுங்கள், பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். பிறகு ரீசாம்பிள் செய்யுங்கள்.

ஆரம்பத்தில் உதடும் குரலும் பொருந்துகின்றன. போகப்போக விலகுகின்றன.

எவ்வளவு விலகுகிறது, எப்படி விலகுகிறது என்பதை முதலில் பாருங்கள். காரணத்தை அந்த அளவே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து நிமிடத்துக்குள்ளேயே பல நொடி போய்விட்டால் மேலே சொன்ன சாம்ப்ளிங் ரேட் குழப்பம். ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை நொடி அளவில், சீராக விலகினால் ஃபிரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்பது) குழப்பம். 29.97ஐ 30 என்று எடுத்துக்கொண்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வரும், மணிக்கு 3.6 நொடி. ஒரு மணி நேரத்தில் சில ஃபிரேம் மட்டும் என்றால் யார் மேலும் குற்றமில்லை. கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம், இரண்டும் நூற்றுக்கு நூறு ஒத்து ஓடாது. கைதட்டல், சொற்களின் நடுவில் வரும் மௌனம் மாதிரியான இடங்களில் ஆடியோவை வெட்டி, இரண்டு ஃபிரேம் நகர்த்தினால் போதும், கேட்பவர்களுக்குத் தெரியாது.

விலகல் ஒரே சீராக இல்லாமல் கூடியும் குறைந்தும் இருந்தால் இரண்டு பேரைச் சந்தேகப்படுங்கள். ஒன்று, பிட்ரேட் மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3. அதில் நேரத்தைத் தோராயமாகக் கணக்கிடும் மென்பொருள் தவறான இடத்துக்குத் தாவும், நீளத்தையும் தப்பாகக் காட்டும். வேவ் ஆக மாற்றினால் தீரும். இரண்டு, ஃபோனில் எடுத்த வீடியோ. வெளிச்சம் குறைந்தால் ஃபோன் தானாகவே ஃபிரேம் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆடியோ சரியாக இருக்க, படம்தான் நழுவுகிறது. வீடியோவை மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். பாதி எடிட் முடிந்தபின் இதைச் செய்ய நேர்ந்தால் வேலை இரட்டிப்பாகும்.

வேவ் ஃபைல்தான், ஆனாலும் திறக்கவில்லை.

வேவும் ஒரு கண்டெய்னர்தான். பெரும்பாலும் உள்ளே சுருக்காத பிசிஎம் இருக்கும். ஆனால் தொலைபேசிப் பதிவுக் கருவிகளிலிருந்தும் பழைய வாய்ஸ் ரெக்கார்டர்களிலிருந்தும் வரும் வேவுக்குள் ஏடிபிசிஎம், மியூ-லா போன்ற சுருக்கிய வகைகள் இருக்கும். மீடியாஇன்ஃபோவில் பிசிஎம் என்று இல்லாவிட்டால் பிசிஎம் வேவ் ஆக மாற்றுங்கள்.

ரெக்கார்டரில் பேட்டரி போய்விட்டது. ஃபைல் அளவு பெரிதாக இருக்கிறது, திறந்தால் பூஜ்யம் நொடி காட்டுகிறது.

பதற்றப்படாதீர்கள், வேவ் என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பதிவை நிறுத்தும்போதுதான் ரெக்கார்டர் தலைப்பகுதியில் மொத்த நீளத்தை எழுதும். அதற்குள் மின்சாரம் போனதால் நீளம் எழுதப்படவில்லை. ஒலி முழுவதும் உள்ளேயே இருக்கிறது. கார்டில் வேறு எதையும் பதியாமல் முதலில் ஃபைலை நகல் எடுங்கள்.

ஆடாசிட்டியில் இம்போர்ட் மெனுவில் 'ரா டேட்டா' இருக்கும். அதில் இந்த ஃபைலைக் கொடுத்து, இவற்றைத் தேர்ந்தெடுங்கள்: சைன்டு 16-பிட் பிசிஎம், லிட்டில்-எண்டியன், இரண்டு சேனல், ஸ்டார்ட் ஆஃப்செட் (எத்தனை பைட்டைத் தாண்டித் தொடங்குவது) 44 பைட், பிறகு ரெக்கார்டரில் வைத்திருந்த சாம்ப்ளிங் ரேட். சரியாக அமைந்தால் தொடக்கத்தில் ஒரு சின்ன 'டிக்' சத்தத்தோடு பதிவு வந்துவிடும். அந்த டிக் தலைப்பகுதியின் மிச்சம், வெட்டி எறியுங்கள். முழுக்க மழை இரைச்சல் போல வந்தால் பதிவு 24-பிட்டில் இருந்திருக்கும், அதை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இரைச்சல் என்றால் ஆஃப்செட்டை ஒவ்வொரு பைட்டாகக் கூட்டுங்கள்.

ஃபோனில் பதிந்த எம்4ஏ இப்படி நின்றுபோனால் கடினம். அதில் ஒலியைப் படிக்கத் தேவையான அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படுகிறது. அதே ஃபோனில் பதிந்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து மீட்கும் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவியை முயன்று பாருங்கள்.

மூன்று மணி நேரக் கச்சேரியைப் பதிந்தேன். ஃபைல் பாதியில் நிற்கிறது.

வேவ் தன் அளவை 32-பிட் எண்ணில் எழுதிக்கொள்வதால் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் நான்கு மணி நேரம் தாங்கும். 96 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் இரண்டு மணி நேரத்திலேயே எல்லை வந்துவிடும், தனி ஆவர்த்தனம் அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். பெரும்பாலான ரெக்கார்டர்கள் இடைவெளி இல்லாமல் அடுத்த ஃபைலைத் தொடங்கும். ஒன்றன் முடிவில் அடுத்ததை ஒட்டினால் போதும், கிராஸ்ஃபேட் (ஒன்று மங்க மங்க அடுத்தது எழும் இணைப்பு) போடாதீர்கள். ஒரே ஃபைலாகத்தான் வேண்டுமென்றால் ஆர்எஃப்64 ஃபார்மேட்.

லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டு) போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுமாறுகிறது.

எம்பி3 லூப் அது. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக அடுக்குகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடும். லேம் என்கோடரில் தொடக்க வெற்றிடம் சுமார் 25 மில்லிநொடி. துரித காலத்தில் இது காதை உறுத்தும். லூப்பை எப்போதும் வேவ் ஆகவே வாங்குங்கள். எம்பி3 மட்டும்தான் கிடைக்கும் என்றால் வேவ் ஆக்கி, முதல் அடி விழும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டுங்கள்.

லினக்ஸில் டாவின்சி ரிசால்வ். படம் வருகிறது, சத்தம் இல்லை.

லினக்ஸ் ரிசால்வில் பல பதிப்புகளாகவே ஏஏசி ஆடியோ வராத நிலை இருந்தது. கேமரா, ஃபோன் வீடியோக்களில் இருப்பது பெரும்பாலும் ஏஏசிதான். எஃப்எஃப்எம்பெக்கில் படத்தைத் தொடாமல் நகலெடுத்து, ஆடியோவை மட்டும் பிசிஎம் ஆக்கி, எம்ஓவி கண்டெய்னரில் வைத்துக்கொண்டால் சத்தம் வரும். படத்தின் தரம் குறையாது, சில நொடியில் முடியும்.

இயர்ஃபோனில் குரல் கேட்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் குரல் காணாமல் போகிறது.

மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டிலிருந்து (ஒரே ஒலியை ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்பும் வழி) கேமராவின் ஸ்டீரியோ ஜாக்குக்கு நேரடியாக ஒயர் கொடுத்தால் இப்படி ஆகும். இடது சேனலில் இருப்பது வலதில் தலைகீழாகப் பதிந்திருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்டீரியோவைப் பிரித்து, வலது சேனலை நீக்கி, இடதை மோனோவாக்குங்கள். முடிவான வீடியோவை அனுப்பும் முன் ஒருமுறை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிடுங்கள், பார்ப்பவர்களில் பலர் அதில்தான் கேட்கப்போகிறார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ப்ரீமியரில் வேவ்ஃபார்ம் (ஒலி அலையின் படம்) வரவில்லை.

மீடியா கேஷை (மென்பொருள் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் ஃபைல்களை) அழித்துவிட்டு ப்ராஜெக்ட்டை மறுபடி திறந்து பாருங்கள். மூல ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. அதிலும் தீராவிட்டால் பாட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆல்பம் படத்தை நீக்கிப் பாருங்கள், சில மென்பொருள்கள் அதை வீடியோ என்று நினைத்துக் குழம்பும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் இன்னொரு கணினிக்குப் போனதும் 'மீடியா ஆஃப்லைன்' என்று வருகிறதே?

கோவில்பாட்டு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஹெச்எஃப்எஸ் பிளஸ் முறையில் ஃபார்மேட் செய்த மேக் டிஸ்க் இரண்டாவது விதத்தில் பெயரைப் பிரித்து வைக்கும். அது விண்டோஸுக்கு வரும்போது, ப்ராஜெக்ட்டில் எழுதியிருக்கும் பெயரும் ஃபோல்டரில் இருக்கும் பெயரும் வேறு வேறு என்று மென்பொருள் முடிவு கட்டிவிடும். ஒகர, ஓகார, ஔகார எழுத்துகள் உள்ள பெயர்களில் மட்டும் இது நடக்கும். 'மழை' என்ற ஃபைல் திறந்து 'சோலை' திறக்காததன் காரணம் இது.

ஃபைலை மறுபடி லிங்க் செய்தால் அப்போதைக்குச் சரியாகும். பல கணினிகளுக்கு இடையே ஓடும் வேலை என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துப் பெயரிடுங்கள். தமிழ்ப் பெயரை மென்பொருளுக்குள் கிளிப் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் செய்த பாட்டை எடிட்டரில் எப்படிக் கொண்டுவருவது?

கொண்டுவர முடியாது. சந்தா ஆப்களில் 'டவுன்லோட்' ஆவது அந்த ஆப் மட்டும் படிக்கக்கூடிய பூட்டிய ஃபைல். ஆப்பிள் மியூசிக்கில் அது எம்4பி என்ற பெயரில் இருக்கும். ஐடியூன்ஸ் கடையில் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளில் 2009 முதல் பூட்டு இல்லை, அவை திறக்கும்.

திறந்தாலும் வீடியோவில் பயன்படுத்தும் உரிமை தனி. இந்தியச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பழைய பாட்டின் ஒலிப்பதிவு அந்தக் காலத்தைத் தாண்டியிருந்தாலும், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் காலத்துக்குப் பின் 60 ஆண்டு வரை நீடிக்கும். யூடியூபுக்கான வேலை என்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாகக் கிடைக்கும் இசையை எடுங்கள். சில பாட்டுகளுக்கு வீடியோ விவரத்தில் இசையமைத்தவர் பெயரைப் போடச் சொல்லியிருப்பார்கள், அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டிவிடுங்கள்.